பேயை விரட்ட ஒரு பிடி பூளைப்பூ!

பெங்களூரிலிருந்து ராசிபுரத்துக்குப் போன்.

"அம்மாயி! ஸ்கூல்ல ஹாலோவீன் கொண்டாடறாங்க. கதவுல மாட்டற மாதிரி பூ அலங்காரம் வீட்டிலேயே செஞ்சு கொண்டு வரணுமாம். பார்த்தா பேய் பயப்படணும்!"

அம்மாயிக்கு ஹாலோவீன் புரியவில்லை. கடைசி வரி மட்டும் கற்பூரமாகப் பற்றிக்கொண்டது.

"பேயி பயப்படணுமா? அதுக்கு எதுக்கு கண்ணு கடைக்குப் போறே? காப்புக் கட்டிட்டாப் போச்சு!"

என் உறவுக்காரர் வீட்டில் நடந்த கூத்து இது. யோசித்துப் பார்த்தால் அம்மாயி சொன்னதில் தப்பே இல்லை!

அக்டோபர் 31-ம் தேதி ராத்திரி ஹாலோவீன். அயர்லாந்து பக்கத்தில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிற நேரம். பருவம் மாறுகிற அந்த இடுக்கில் ஆவிகள் உள்ளே புகுந்துவிடும் என்று அந்தக் காலத்து ஜனங்கள் நம்பினார்கள். டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே விளக்கு வைத்தார்கள். பிழைக்கப் போன அமெரிக்காவில் கொழுத்த மஞ்சள் பூசணி கிடைக்கவே, கிழங்குக்கு 'டாட்டா'!

நம்ம ஊரிலும் அதே கதைதான். மார்கழி முடிந்து தை பிறக்கிற இடுக்கு, அதாவது போகி. அன்றைக்கு சேலம், நாமக்கல், ஈரோடு, கோவைப் பக்கம் வீட்டு எறவாணத்தில், வாசலில், மாட்டுக் கொட்டகையில், காட்டு மூலையில் எல்லாம் காப்புக் கட்டுவார்கள். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ. மூன்றையும் சேர்த்து ஒரு பிடி. சில வீடுகளில் மாவிலையும் சேரும். கெட்டது எதுவும் வாசலைத் தாண்டாது என்று நம்பிக்கை. அங்கே பூசணி, இங்கே பூளைப்பூ. பேய் ஒன்றுதான்!

இதில் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் லேசுப்பட்டவை அல்ல. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் இரண்டுக்கும் இடம் உண்டு. பூளைதான் சிறுபீளை. சித்த வைத்தியத்தில் சிறுநீர்க் கல்லுக்குப் பேர்போன மூலிகை. பேய் ஓடுமோ என்னமோ, கல்லை விரட்ட வைத்தியர்கள் நம்பியது இதைத்தான்!

சரி, அம்மாயி பூளைப்பூ பறிக்கக் கிளம்பினார். அங்கேதான் சிக்கல்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டுக்காட்டில் முன்பெல்லாம் வெள்ளை வெளேரென்று பூளை பூத்துக் கிடக்கும். இப்போது வரிசையாக அளவுக்கல் நட்டு, 'மனைகள் விற்பனைக்கு' போர்டு பூத்திருக்கிறது. ஓடைக்கரையில் அரை மணி நேரம் தேடி, கடைசியில் ஒரு வேலியோரம் நாலு செடி கண்ணில் பட்டது. கூட வந்த பக்கத்து வீட்டுப் பெண் வேரோடு ஒன்றைப் பிடுங்கப் போக, அம்மாயி கையைப் பிடித்துவிட்டார்.

"புடுங்காத சாமி! அறுத்துக்கோ. வேர் இருந்தாத் துளுக்கும். ரெண்டு கதிர விட்டுடு, வெதை வுழுவட்டும். நாம இன்னைக்கு புடுங்கிட்டா, தைக்கு யாரு தருவா?"

போகிக்கு முந்தின நாள் சந்தைக்குப் போனால் தெரியும். கட்டுக் கட்டாக வந்து குவிகிற பூளைப்பூவில் பாதி வேரும் மண்ணுமாகத்தான் இருக்கும். முளைக்கிற தரிசும் போய், முளைத்ததன் வேரும் போனால், காப்பு எதில் கட்டுவது? பிளாஸ்டிக்கிலா?

பூளையும் ஆவாரையும் நியூஸ் பேப்பரில் சுருட்டி, பெங்களூர் போகிற உறவுக்காரர் பையில் ஏறின. மிச்சம் எல்லாம் போனில் பாடம். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்:

பச்சைத் தென்னை ஈர்க்கு பத்துப் பன்னிரண்டு எடுத்து ஒன்றாகச் சேர்த்து, தாம்பாள அளவு வளையமாக வளைத்துச் சணலால் கட்டுங்கள். (விளக்குமாத்துக் குச்சி! பேய்க்கு இதுவே பாதி போதும்.) ஒரு சாண் நீள வேப்பங்கொத்தை அடியில் வைத்து, அதன்மேல் ஆவாரை, எல்லாவற்றுக்கும் முன்னால் பூளைக் கதிர். இப்படிப் பிடி பிடியாக, ஒன்றின் காம்பை அடுத்ததன் இலை மறைக்கிற மாதிரி வளையம் முழுக்கக் கட்டிக்கொண்டே வாருங்கள். ஆவாரை சீக்கிரம் வாடி உதிரும். பூளை காய்ந்தாலும் வெண்மை போகாது. அதனால் பூளை தாராளமாக இருக்கட்டும். நடுவில் செண்டுமல்லிச் சரம் ஒன்று.

செண்டுமல்லி எதற்கு என்கிறீர்களா? அதன் தாய்வீடு மெக்சிகோ! அங்கே நவம்பர் 1, 2 தேதிகளில் செத்துப்போன சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வருவதாக நம்பி, இந்தப் பூவைத்தான் வழியெல்லாம் தூவி வரவேற்கிறார்கள். விரட்டுவதற்கு வேப்பிலை, வரவேற்பதற்கு செண்டுமல்லி. வருகிற ஆவி எந்தக் கட்சி என்று பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்!

வேப்பிலைக்கு ராசிபுரத்தில் பஞ்சமே கிடையாது. ஹாலோவீன் வருகிற அதே ஐப்பசியில்தான் அங்கே நித்ய சுமங்கலி மாரியம்மனுக்குத் திருவிழா. மற்ற ஊர்களில் திருவிழா முடிந்ததும் அம்மன் முன்னால் நட்ட கம்பத்தை எடுத்துவிடுவார்கள். இங்கே வருஷம் முழுக்க நிற்கும். அதனால்தான் அம்மன் 'நித்ய சுமங்கலி'.

பள்ளிக்கூடத்தில் என்ன ஆச்சு? பிளாஸ்டிக் எலும்புக்கூடு, பேப்பர் வௌவால் நடுவே பேத்தியின் வளையம். "இது என்ன பூ?" என்று டீச்சர் கேட்க, எட்டு வயசுப் பெண் பூளை, ஆவாரை, வேம்பு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டியிருக்கிறாள். பரிசு வேறு யாருக்கோ போயிற்று. அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. வளையத்தைக் கொண்டுவந்து ஃப்ளாட் கதவில் மாட்டிவிட்டாள்.

இதில் ஒரு சங்கதி. முந்தின வருஷம் அம்மாயி அதே கதவில் ஆசை ஆசையாகக் கட்டிவிட்டு வந்த காப்பை, "குப்பை கொட்டுதும்மா" என்று மகளே மறுநாள் அவிழ்த்துப் போட்டுவிட்டாள். அம்மாயி அதை யாரிடமும் சொல்லவில்லை. கிளம்பும்போது படியோரம் கிடந்ததைப் பார்த்ததோடு சரி.

மார்கழி கடைசியில் மறுபடியும் போன். இந்தத் தடவை பேசியது மகள்.

"அம்மா, பழைய காப்பை எடுத்துட்டுப் புதுசு கட்டணும்னு உன் பேத்தி ஒத்தைக் கால்ல நிக்கறா. பூளைப்பூ இருக்கா?"

அம்மாயி அரிவாளை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனார். அறுத்த இடத்தில் எல்லாம் துளிர்த்து, பூளை வெள்ளை வெளேரென்று நின்றது.