பதிவேட்டில் பெயர்: மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டியவர் யார்?

காவல் நிலையப் பதிவேட்டில் பெயர் ஏறியவரின் நடமாட்டத்தை அரசு விடாது கண்காணிக்கிறது. அவர் வழக்கிலிருந்து விடுதலையானால், அந்தச் செய்தி அதே பதிவேட்டில் ஏறுகிறதா? இக்கேள்விக்குப் பின்னால் நூற்றாண்டைக் கடந்த வரலாறு ஒன்று உள்ளது.

1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பழங்குடிகள் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்திற்கும் விரிவாக்கப்பட்டது. தமிழ் மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றழைத்தனர். இதன்கீழ்ப் பதிவு செய்யப்பட்டவர்களைக் குறித்த காலங்களில் அதிகாரி முன் ஆஜராகும்படியும், இருப்பிடத்தையும் அதன் மாற்றத்தையும் ஊரைவிட்டு வெளியே செல்வதையும் முன்கூட்டியே தெரிவிக்கும்படியும் அரசு கட்டாயப்படுத்த முடிந்தது. தவறினால் தண்டனை. குற்றம் புரிந்தாரா என்ற வினாவே எழவில்லை. பிறப்பே போதிய சான்றாயிற்று. 1920 ஏப்ரல் 3 அன்று, இப்பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தி, பத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

1952இல் இச்சட்டம் நாடு முழுவதும் நீங்கியது. ஆயினும் பல மாநிலங்களின் வழக்கமான குற்றவாளிகள் சட்டங்கள், இருப்பிட மாற்றத்தைத் தெரிவிக்கும் கடமையைத் தொடர்ந்தன. பிறப்புக்கு மாறாக முந்தைய தண்டனைகளை அவை அடிப்படையாகக் கொண்டன. காவல்துறை பராமரிக்கும் சரித்திரப் பதிவேட்டுக்கோ தண்டனைகூடத் தேவையில்லை, சந்தேகமே போதும்.

நீதிமன்றங்கள் இதனைக் கவனிக்காமலில்லை. கண்காணிப்பின் பெயரால் இரவில் வீடு புகுந்து சோதிப்பது அரசமைப்புக்கு முரணானது என்று 1962இல் கரக்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 மே மாதம் அமானத்துல்லா கான் வழக்கில், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உள்ளிட்டோரின் பெயர்கள் சாதிய முன்முடிவால் இயந்திரத்தனமாகப் பதிவேட்டில் சேர்க்கப்படுவதாக எழும் குற்றச்சாட்டைச் சுட்டிக்காட்டியது. தில்லியில் மூத்த அதிகாரி அவ்வப்போது பதிவேடுகளைத் தணிக்கை செய்யவும், பிற மாநிலங்கள் இதனைப் பரிசீலிக்கவும் பணித்தது. அதே ஆண்டு அக்டோபரில் சுகன்யா சாந்தா வழக்கில், சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிக் கலத்தை நீக்க ஆணையிட்டது.

நடைமுறைச் சிக்கல் இங்கேதான் உள்ளது. விடுதலைத் தீர்ப்பு வந்ததாலேயே சரித்திரப் பதிவேடு தானாக மூடப்படுவதில்லை. குடிமகன் மாற்றத்தை மறைத்தால் அது குற்றம்; காவல்துறை மாற்றத்தைப் பதியாவிட்டால் அது வெறும் தாமதம். அந்தத் தாமதத்தில் ஓர் இளைஞரின் வேலைக்கான காவல்துறைச் சரிபார்ப்பும், கடவுச்சீட்டு விண்ணப்பமும் சிக்கிக்கொள்ளக்கூடும். திருவிழாவுக்கும் தேர்தலுக்கும் முன்னர் காவலர் வீட்டு வாசலில் வந்து நிற்பதும் தொடரும்.

ஆகவே, விடுதலையானவர்கள் தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகலைப் பெற்று, பதிவேட்டை மூடக் கோரும் மனுவுடன் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ மாநகரக் காவல் ஆணையருக்கோ ஒப்புகை பெறும் வகையில் அஞ்சலில் அனுப்ப வேண்டும். பதில் இல்லையெனில், அரசமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை நாடலாம். மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் தத்தம் பகுதியில் இம்மனுக்களை எழுதித் தர முன்வர வேண்டும்.

தனிமனிதர் மனுக்கள் மட்டும் போதா. விடுதலை, வழக்கு நீக்கம் ஆகியவற்றைக் குறித்த காலத்துக்குள் பதிவேட்டில் ஏற்றுவதைக் காவல்துறையின் சட்டக் கடமையாக்க வேண்டும். தெரிவிக்கும் பொறுப்பு இத்தனை காலம் ஒரு பக்கத்தார் மீதே சுமத்தப்பட்டுள்ளது. இனி மறுபக்கமும் அதனைச் சுமக்கட்டும்.