நாயும் உள்ளே வரலாம்!

இங்கிலாந்தில், ஹெர்ன் பே டவுனை ஒட்டி ஹெர்ன் என்று ஒரு கிராமம். 2005-ல் அங்கே பழைய கசாப்புக்கடை ஒன்றில் மார்ட்டின் ஹில்லியர் என்பவர் பீர் விற்க ஆரம்பித்தார். முதல் 'மைக்ரோ பப்' அதுதான். நாலு பெஞ்சு போட்டால் ஃபுல்! பாட்டு கிடையாது, பேச்சுதான். கிச்சனும் கிடையாது. சமைக்கிற இடத்தில்தான் நாய் கூடாது என்கிறது சட்டம். அடுப்பே இல்லாத கடையில் ஓனர் 'சரி' என்றால் சரி!

இந்த மாதிரிக் கடைகளில் நான் ரசித்தது இதைத்தான். பக்கத்து சீட்காரரிடம் வாயே திறக்காத வெள்ளைக்காரர், அவருடைய நாயிடம் குனிந்து, "என்னடா கண்ணு, உன் பேரென்ன?" என்பார். பதில் சொல்வது எஜமானர். அப்புறம் மழை, முட்டிவலி, போன வருஷம் தவறிப்போன மனைவி... எல்லாம் வெளியே வரும்.

நாய் பெஞ்சுக்கடியில் தூங்கும். அதற்கு ஒரு கிண்ணம் தண்ணீர். பில் கிடையாது.