நெசவாளரின் முதுகும் கைப்பேசியும்

காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்துத் தெருக்களிலும் சின்னக் காஞ்சிபுரத்துச் சந்துகளிலும் இன்றும் வீட்டின் முன்கட்டை அடைத்துக்கொண்டு நிற்கிற குழித்தறிகளில், தரைமட்டத்தில் அமர்ந்து, கால்கள் இரண்டையும் குழிக்குள் இறக்கி மிதிகளை மாற்றி மாற்றி அழுத்தியவாறே, படமரத்தின்மேல் குனிந்து, ஒரு கையால் நாடாவை ஓட்டி, மறு கையால் பலகையை இழுத்து அடித்து, பாவில் அறுந்த இழையைக் கண்ணால் தேடிக்கொண்டே பொழுது முழுவதும் வேலை செய்கிற ஒருவருடைய சரீரத்தில் எந்த அங்கம் முதலில் முறையிடும் என்பதை அறிய வைத்திய சாஸ்திரம் கற்றிருக்க வேண்டியதில்லை. இடுப்பும் பின்கழுத்தும் தோள்பட்டையும் முழங்காலும் நோவது தொழிலோடு கூடப்பிறந்தது என்றே நெசவாளர் குடும்பங்கள் எண்ணி வந்திருக்கின்றன. கைத்தறி நெசவாளரைக் குறித்து இந்தியாவின் பல பகுதிகளில் நடைபெற்ற ஆய்வுகளும் இந்த அங்கங்களையே திரும்பத் திரும்பச் சுட்டுகின்றன. சாயந்திரம் தைலம் தடவி, வெந்நீர் ஒற்றடம் கொடுத்து, அதற்கும் அடங்காத நாளில் மருந்துக் கடையில் கேட்டு இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, மறுநாள் காலையில் மறுபடி தறியில் இறங்குவதுதான் பெரும்பாலோர் அறிந்த சிகிச்சை.

இந்த உபாதை காஞ்சிக்கு மட்டும் உரியதன்று. 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 61.9 கோடி மக்கள் இடுப்புவலியால் அவதிப்பட்டார்கள் என்றும், 2050-க்குள் அந்தத் தொகை 84 கோடியைக் கடந்துவிடும் என்றும் சர்வதேச அளவில் நோய்ச்சுமையைக் கணக்கிடுகிற அறிஞர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். மனிதரைச் சாகடிக்காமல், ஆனால் சரிவர வாழவும் விடாமல் முடக்கிப்போடுகிற காரணங்களில் முதலிடம் இதற்குத்தான். நமது தேசத்தில் 2019-20-இல் எடுக்கப்பட்ட நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இத்தொழிலில் உழைப்பவர்கள் 35 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் அதிகமானோர் பெண்கள். இவர்களில் பலருக்குப் புடவையை முடித்துக் கொடுத்தால்தான் கூலி. ஆஸ்பத்திரி வரிசையில் கழிகிற ஒரு பகல், கூலியில் கழிகிற ஒரு பகலேயாகும். ஆகவே, நீண்டநாள் வலிக்கு உதவி என்று ஒன்று உண்டானால், அது நெசவாளரைத் தேடி அவர் வீட்டுத் தறியடிக்கே வரவேண்டும் என்பதும், இன்றைய நிலையில் அவ்வாறு வரக்கூடிய வாகனங்களில் மலிவானது அவர் வீட்டிலேயே இருக்கிற செல்போன் என்பதும் என் உறுதியான எண்ணம். புடவையின் டிசைனையும் வர்ணத்தையும் வாட்ஸ்அப் வழியாகப் பார்த்துப் பேசிக்கொள்கிற ஊரில் இது ஆகாத காரியமுமல்ல.

அந்த உதவி எத்தகையது என்று விளங்க வேண்டுமானால், நெடுநாள் வலியின் சுபாவத்தைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். கை சுட்டால் வருகிற வலி புண் ஆறியதும் போய்விடுகிறது. மூன்று மாதங்களுக்கு மேலும் நீடிக்கிற வலியோ வேறு ஜாதி. 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்னும் இரு அறிஞர்கள், காயத்திலிருந்து மூளைக்குப் போகிற செய்தி நேராகப் போய்ச் சேர்வதில்லை, முதுகுத்தண்டில் ஒரு வாசலைத் தாண்டியே போகிறது, அந்த வாசலைத் திறக்கவும் சாத்தவும் மூளையிலிருந்து இறங்கிவருகிற கட்டளைகளுக்கும் அதிகாரமுண்டு என்று ஒரு சித்தாந்தத்தை வெளியிட்டார்கள். அதன் விவரங்கள் பிற்பாடு பலவிதமாகத் திருத்தப்பட்டாலும், பயமும் கவலையும் தூக்கமின்மையும் வலியைப் பெருக்கும், தைரியமும் அங்க அசைவும் நல்ல நித்திரையும் அதைத் தணிக்கும் என்பதற்கு அன்று போட்ட அஸ்திவாரம் அசையவில்லை. நாட்பட்ட வலியில் நரம்பு மண்டலமே உணர்ச்சி மிகுந்து போகிறது. ஒருமுறை திருடனைக் கண்டு குரைத்த நாய் பிறகு தெருவோடு போகிற உறவினரைக் கண்டும் குரைப்பதுபோல, ஆபத்தில்லாத அசைவுக்கும் அது அபாயக்குரல் எழுப்புகிறது. 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய் வகைப்பாட்டில், நாட்பட்ட வலி வேறொரு வியாதியின் அறிகுறியாக மட்டுமன்றித் தானே ஒரு வியாதியாகவும் இடம் பெற்றது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று திருப்பியனுப்பப்பட்டு, வீட்டாராலும் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்ட எத்தனையோ பேருக்கு இது ஒரு நியாயத் தீர்ப்பு. வலி மெய்; அதை அனுபவிப்பவர் சொல்வதே அதற்குச் சாட்சி.

இத்தகைய வலியை வைத்தியர் ஒருநாளில் எடுத்தெறிந்துவிட முடியாது. அதனோடு இருபத்து நான்கு மணி நேரமும் வாழ்கிறவர்தான் அதை ஆளக் கற்க வேண்டும். கேட் லோரிக் என்ற அம்மையார், அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில், மூட்டு நோயாளிகளுக்கு இந்தக் கலையைப் போதிக்கும் வகுப்புகளை 1970-களின் கடைசியில் தொடங்கினார். அவற்றில் என்னை மிகவும் கவர்வது, பாடம் நடத்தியவர்களில் பலர் வைத்தியர்களல்லர், அதே நோயை அனுபவித்த சாமானியர்கள் என்பதுதான். இன்டர்நெட் பரவிய பிறகு இந்த வகுப்புகள் அதிலும் ஏறின. ஸ்வீடனில் உப்சாலா ஆராய்ச்சியாளர்கள் முதுகுவலிக்காரர்களுக்கு இணைய வழியாக மனப்பயிற்சி அளித்துப் பார்த்த சோதனை 2004-இல் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவில் மாக்குவாரி சர்வகலாசாலையார் ஐந்து பாடங்களை எட்டு வாரங்களில் படிக்கும்படி அமைத்து, 2015-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில் 490 பேரைச் சேர்த்து, அவர்களில் பாடம் படித்தவர்களைப் பிரித்து, ஒரு சாராருக்கு வாரந்தோறும் நிபுணரின் பேச்சுத் துணை, மற்றொரு சாராருக்கு வேண்டினால் மட்டும் துணை, இன்னொரு சாராருக்குத் துணையே இல்லை என்று வைத்துப் பார்த்தார்கள். மூன்று சாராரும் ஏறக்குறைய ஒரேயளவாக நன்மையடைந்தார்கள். வலி முற்றாக ஒழிந்துவிடவில்லை, ஒருவாறு குறைந்தது, அதைவிட, முடக்கமும் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. பாடம் செவ்வையாக எழுதப்பட்டிருந்தால் நிபுணரின் நேரம் வெகு சொற்பமாகவே செலவாகும் என்பது, நிபுணர்கள் அரிதாயுள்ள நமக்குப் பெரிய செய்தி.

அந்தப் பாடங்களின் சாரத்தை நம் குழித்தறிக்குப் பொருத்திப் பார்ப்போம். அவற்றுள் தலையாயது, வேலையை அளந்து செய்கிற வித்தை. ஐப்பசி கார்த்திகை மழையில் தெருவில் பாவு ஓட முடியாது, குழியில் ஈரம் கசியும், வேலை மந்தமாகும். மழை விட்டுத் தை பிறந்ததும் முகூர்த்தப் புடவைகளுக்கு அவசரம் வந்துவிடும். அப்போது இரவும் பகலும் தறியில் கிடந்து, முதுகு பிடித்துக்கொண்ட பின் நாலு நாள் பாயில் படுத்து, எழுந்ததும் விட்டதைப் பிடிக்க மறுபடி அளவு கடந்து உழைப்பது வழக்கம். இந்த ஏற்றமும் வீழ்ச்சியுமே நரம்புகளின் கூச்சத்தை வளர்க்கின்றன. வலி சொல்லும்போது எழாதே, கடிகாரம் சொல்லும்போது எழு என்பதே, வாஷிங்டன் சர்வகலாசாலையில் வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலார் அரை நூற்றாண்டுக்கு முன் கற்பித்த முறை. ஒருவர் வலி மூளாமல் நாற்பது நிமிஷம் தறியில் இருக்கக்கூடுமானால், முப்பதாவது நிமிஷத்திலேயே, வலி இல்லாதபோதே, குழியைவிட்டு ஏறி நின்று, முதுகைப் பின்புறமாக வளைத்து, வாசல்வரை நடந்துவிட்டு வரவேண்டும். வாரம் செல்லச் செல்ல அந்த அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். போனில் ஒரு மணியோசையும், எழுந்ததைக் குறித்துக்கொள்ள ஒரு பொத்தானும் இருந்தால் போதும். இதற்கு வேறு யந்திரம் வேண்டியதில்லை.

ஆனால் கோர்வைப் புடவை தனியொருவர் வேலையல்ல. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமுமாக மூன்று நாடாக்கள் ஓடவேண்டியிருப்பதால், பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து கரைநாடாவைக் கொடுக்கிறார். பெரும்பாலும் அவர் வீட்டுப் பெண்மணிதான். ஒருவர் எழுந்தால் மற்றவர் சும்மா இருக்க வேண்டும். எனவே இங்கே எழுதப்படுகிற பாடம் இருவரும் ஒன்றாக எழும்படி எழுதப்பட வேண்டும். மேல்நாட்டில் மேஜைமுன் நாற்காலியில் இருப்பவருக்கு எழுதிய பாடத்தை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தால் இந்த இடத்தில் அது ஊமையாகிவிடும். நாற்காலியின் உயரத்தைச் சரிசெய் என்கிற வாக்கியத்தால் குழித்தறிக்காரருக்கு என்ன பிரயோசனம்? உட்காரும் பலகையின்மேல் எவ்வளவு கனமான மெத்தை போடலாம், மிதிக்கும் முழங்காலுக்கும் எவ்வளவு தூரம் இருக்கலாம், அறுந்த இழையை முடிய எப்படி வெளிச்சம் வைத்தால் கழுத்து குறைவாகக் குனியும் என்பவையல்லவா அவர் கேட்க விரும்புபவை?

பயத்தைப் பற்றிய பாடம் அடுத்தது. குனிந்தால் எலும்பு தேய்ந்துவிடும் என்று யாரோ சொன்ன வார்த்தை, வலியைவிடக் கொடியதாக மனிதரை முடக்கிவிடுகிறது. நாட்பட்ட இடுப்புவலி பெரும்பாலானவர்களுக்கு அபாயமான எலும்பு நோயால் வருவதல்ல என்றும், அசைவே அதற்கு ஔஷதம் என்றும் அறிவது பாதிச் சிகிச்சை. 2023 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட வழிகாட்டியும் நோயைப் பற்றிய கல்வி, தேகாப்பியாசம், மனப்பயிற்சி ஆகியவற்றை ஆதரிக்கிறது. நம் ஊரில் மிகுந்த நம்பிக்கையோடு வாங்கிக் கட்டிக்கொள்ளப்படும் இடுப்புப் பட்டையை வழக்கமான சிகிச்சையாகக் கொள்ள வேண்டாம் என்கிறது. மாத்திரை விஷயத்தில் நான் இன்னும் கடுமையாகவே சொல்வேன். கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிற டைக்ளோஃபினாக் முதலியவை இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். சர்க்கரை வியாதியும் சேர்ந்திருப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

இப்போது நம்மிடம் என்ன இருக்கிறது? தொலைதூர வைத்தியத்துக்கான விதிகளை மத்திய அரசு 2020 மார்ச் 25-இல் வெளியிட்டது. வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேச உதவும் இ-சஞ்சீவனி அடுத்த மாதமே வந்தது. 2023 பிப்ரவரிக்குள் இ-சஞ்சீவனியின் எல்லா வழிகளிலும் சேர்த்துப் பத்துக் கோடி ஆலோசனைகள் நடந்துவிட்டன. 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி-மானஸ், 14416 என்ற எண்ணில், வலியோடு கூட வருகிற மனச்சோர்வைத் தமிழிலேயே சொல்லி ஆறுதலும் ஆலோசனையும் பெற வழிசெய்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து கொண்டுவருவதோடு, இயன்முறை மருத்துவரையும் வீட்டுக்கே அழைத்துவருகிறது. இவை மூன்றும் அரிய காரியங்கள். எனினும் ஒருமுறை பேசும் பேச்சும், எப்போதாவது வருகிற வருகையும் ஒரு கல்வியாகிவிட மாட்டா. எட்டு வாரம் தொடர்ந்து, தினம் பத்து நிமிஷம், தறியில் இருந்தபடியே காதால் கேட்கக்கூடிய தமிழ்ப் பாடமும், அதைக் கேட்டவரை வாரம் ஒருமுறை போனில் விசாரிக்கிற ஒரு மனிதக் குரலும் இவற்றோடு சேரவேண்டும். காதால் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு: நெசவாளரின் கையும் கண்ணும் தறியில் கட்டுண்டிருக்கின்றன; காது ஒன்றே சுதந்திரமாயிருக்கிறது. அந்தக் குரல் பிள்ளையார்பாளையத்திலேயே நாற்பது வருஷம் நெய்து, இடுப்புவலியோடு வாழக் கற்றுக்கொண்ட ஒரு முதியவருடையதாகவோ, நாடாவுக்குத் தார் சுற்றிச் சுற்றித் தோள் நொந்த ஒரு தாயாருடையதாகவோ இருந்தால், வெள்ளைக் கோட்டு அணிந்தவர் பேசுவதைவிட அதை அதிகம் பேர் நம்புவார்கள். ஸ்டான்போர்டிலும் பாடம் நடத்தியவர்களில் பலர் இத்தகையவர்களே.

பெண்களின் விஷயத்தில் ஒரு தடையைப் பேசாமல் விட முடியாது. பல வீடுகளில் நல்ல போன் கணவர் கையிலோ மகன் கையிலோ இருக்கிறது. தார் சுற்றுவதும் கோர்வைக்கு அமர்வதும் முடித்து அடுப்படிக்குப் போகிற பெண்மணிக்கு அது கிடைக்கும்போது இரவாகிவிடுகிறது. சாதாரணப் பொத்தான் போனிலும் ஒலிக்கும்படி, அழைத்தால் பாடத்தைச் சொல்கிற முறையும் உடனிருக்க வேண்டும். அன்றியும், ஒருவர் தம் வலியையும் தூக்கத்தையும் மனநிலையையும் நாள்தோறும் குறித்துவைக்கிற குறிப்பு அவருடைய அந்தரங்கம்; அது மருந்து விற்பவர் கைக்கோ காப்பீட்டுக் கம்பெனி கைக்கோ போகாமல் காப்பது 2023-இல் இயற்றப்பட்ட தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கடமை. அந்த உறுதி இல்லாத எந்தச் செயலியையும் நெசவாளருக்குச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வராது.

போனுக்கு எல்லையும் உண்டு. திடீரென்று சிறுநீரோ மலமோ அடங்காமல் போதல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், கால்கள் வலுவிழத்தல், இடுப்புவலியோடு காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், முன்பு புற்றுநோய் கண்டிருந்தவருக்குப் புதிதாக முதுகுவலி ஆகியவற்றில் எது தோன்றினாலும் பாடத்தை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். புற்றுநோயின் வலியும் தாங்கிக் கற்கவேண்டிய வலியல்ல. அதைத் தணிக்கத் தக்க மருந்துகள் உண்டு. காரைப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிற ஊரில் இதை யாரும் அறியாமல் இருக்கக் கூடாது.

கடைசியாகக் கூலியைப் பற்றி. அரைமணிக்கு ஒருமுறை எழுந்திரு என்று காதில் சொல்கிற குரல், எழுந்தால் புடவை இரண்டு நாள் தாமதமாகுமே என்ற கணக்குக்கு முன்னால் தோற்றுப்போகும். முகூர்த்த காலத்தில் தவணையை இரண்டு மூன்று நாள் தளர்த்துவதும், தறிகளைப் பார்வையிட ஓர் இயன்முறை மருத்துவரை வருஷத்துக்கு இருமுறை அழைப்பதும், பாடத்தை முடித்தவரின் கூலியில் ஓய்வு நேரத்துக்கென்று ஒரு சிறு தொகையைச் சேர்ப்பதும் காஞ்சியின் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் சக்திக்கு அப்பாற்பட்டவையல்ல. நெசவாளர் சேவை மையம் இவ்வூரிலேயே இருக்கிறது. சங்கங்களுக்குப் பொதுக்குழு கூடுகிறது. வருகிற ஐப்பசியில், தறிகள் ஓய்ந்திருக்கும் மழை வாரங்களிலேயே, ஒரு சங்கம் முன்வந்து முதல் பாடத்தைத் தன் அங்கத்தினர் ஒருவரின் குரலில் பதிவு செய்யலாம்.