போக வர 8 மைல்!

போடியில் பஸ் ஏறி தேவாரம் ரோட்டில் வாங்க. மேற்கு மலை கூடவே ஓடி வரும். ஜன்னல் சீட் கிடைச்சா, சுவர்களையும் கொஞ்சம் கவனிங்க. காதணி விழா, கண்ணீர் அஞ்சலி... இந்த ரெண்டுக்கும் நடுவே பெரிய சைஸில் இன்னொரு போஸ்டர் இருக்கும். 'மாபெரும் இரட்டை மாட்டு வண்டிப் பந்தயம்'. பாய்ஞ்சு வர்ற காளைகள், ஏழெட்டுத் தலைவர்கள், பரிசுத் தொகை, நன்கொடையாளர் பெயர்கள் என்று துளி இடம் மிச்சமில்லாத அந்த போஸ்டரில் நம்ம பசங்க கண்ணு தேடுறது ரெண்டே வரியைத்தான்.

என்னைக்கு? எந்த ரோடு?

பொட்டிப்புரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நியூட்ரினோதான் ஞாபகம் வரும். 2015 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த ஆய்வகம், அதை எதிர்த்து நடந்த போராட்டம் என்று பேப்பரில் அடிபட்ட ஊர். ஆனா, அந்தப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்க. போஸ்டர் ஒட்டின மறுநாள்னா அணுவும் கிடையாது, துகளும் கிடையாது. ஒரே சப்ஜெக்ட்தான்.

"ஞாயித்துக்கிழமை வச்சாத்தான் காலேஜ் பயலுக வருவானுக."

"சாமி கும்பிடு அன்னிக்கு விடாம ஞாயித்துக்கிழமை விட்டா அது பந்தயமாப்பா? சந்தை!"

"பைபாஸ்ல விட்டா வண்டி பறக்கும் மாமா."

"பறக்கும். பாக்க யார்றா இருப்பா? ஊருக்குள்ள வந்தாத்தான உங்க அப்பத்தா திண்ணையில இருந்து பாக்கும்?"

இதை வெட்டிப் பேச்சுன்னு தள்ளிடாதீங்க பாஸ். உலகத்தில் எங்கே எதை வைத்து ரேஸ் நடந்தாலும், ரசிகர்கள் உயிரைக் கொடுத்துப் பேசுறது இந்த ரெண்டு விஷயத்தைத்தான். தேதி. ட்ராக்!

தேன்சிட்டு முதல் பெரிய மாடு வரை

பார்க்காதவங்களுக்காக ஒரு சின்ன இன்ட்ரோ. வண்டிக்கு ரெண்டு காளை. ஓட்டுறவர் சாரதி. காளைகளின் வயசு, உடம்பு பார்த்துப் பிரிவு பிரிப்பாங்க. தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடு மாடு, பெரிய மாடு... பாதிப் பேர் பறவைங்க பேர். சின்னக் காளைகளுக்குச் சிட்டுன்னு பேர் வச்சவர் யாரோ, அவருக்கு ஒரு சபாஷ்!

இந்தப் பந்தயத்துக்குத் தனி மைதானம் கிடையாது. தார் ரோடுதான் ட்ராக். கிளம்புற இடத்தில் வண்டிகளை வரிசையா நிறுத்தி விடுவாங்க. குறிச்ச எல்லை வரை ஓடி, அங்கே திரும்பி, கிளம்பின இடத்துக்கே வரணும். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் இதுக்கு 'எல்கைப் பந்தயம்'னே பேர். நாடு கிலோமீட்டருக்கு மாறி எத்தனையோ வருஷம் ஆச்சு. பந்தய போஸ்டர் மட்டும் இன்னும் மாறலை. 'போக வர 8 மைல்' என்றுதான் போடுவாங்க. பெரிய மாட்டுக்குத் தூரம் அதிகம், சிட்டுகளுக்குக் குறைவு.

இப்ப புரியுதா, எந்த ரோடுன்னு ஏன் அப்படிக் கேட்கிறாங்கன்னு? எல்லையில் வண்டி திரும்ப அகலம் வேணும். ஒரு வண்டி இன்னொண்ணைத் தாண்ட இடம் வேணும். ரோட்டில் பள்ளம் இருந்தா லாடம் கட்டின கால் இடறும். வேகத்தடை இருந்தா வண்டி தூக்கிப் போடும். வெயில் ஏறின தாரு மாட்டுக்கு நெருப்பு. அதனால்தான் காலையிலேயே ஆரம்பிக்கிறாங்க. காளை எவ்வளவு நல்ல காளையா இருந்தாலும் பாதி ரேஸை ரோடுதான் ஓடுது.

காலண்டர்ல கட்டம் எங்கே இருக்கு?

சரி, தேதிக்கு வருவோம். நம்ம பள்ளத்தாக்கில் ஒரு நாளைப் பிடிக்கிறது, கல்யாண மண்டபம் பிடிக்கிறதைவிடக் கஷ்டம்.

பொங்கலுக்கு வைக்கலாமா? கார்த்திகை பிறந்ததில் இருந்து மகரஜோதி வரை தேனி, கம்பம், குமுளி ரோடு முழுக்க ஐயப்ப பக்தர்கள் வண்டி. போலீஸே போற வண்டியைக் கம்பம்மெட்டு வழியா அனுப்பி, வர்ற வண்டியைக் குமுளி வழியா இறக்கி, ஒருவழிப் பாதை போட்டுச் சமாளிப்பாங்க. அந்த ரோட்டில் போய் எட்டு மைல் கேட்க முடியுமா? போடி, தேவாரம் பக்கத்து ஆளுங்க நெஞ்சை நிமிர்த்துறது இங்கேதான். "எங்க ரோட்டுல அந்தத் தொல்லை கிடையாது!"

சித்திரைக்கு? வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. ஜில்லாவே அங்கேதான் நிற்கும். வெயில் வேற. அறுவடை நேரம்? மானாவாரி ஊர்களில் ரோட்டோரம்தான் களம். சோளத்தைக் காயப்போட்டவர்கிட்ட "அள்ளுங்க, மாடு வருது"ன்னு சொல்லிப் பாருங்க, தெரியும்!

மிச்சம் இருக்கிறது ஞாயிற்றுக்கிழமைகளும் தலைவர்களின் பிறந்தநாள்களும். எந்தக் கட்சியா இருந்தாலும் தலைவர் பிறந்தநாளுக்கு மாட்டு வண்டிப் பந்தயம் விடுற பழக்கம் தென்மாவட்டங்களில் உண்டு. பணம் வரும், மைக் வரும், பரிசு பெருசாகும். ஆனா, தலைவர் எந்த மாசம் பிறந்தார்னு பார்க்கிறாங்களே தவிர, அந்த மாசம் மாட்டுக்கு ஒத்துக்குமான்னு யாரும் பார்க்கிறதில்லை. அம்மன் பேரால் வைக்கிற தேதிக்கு ஊர் முழுக்கச் சொந்தக்காரங்க. கட்சித் தேதிக்குப் பாதி ஊருதான். பெஞ்சில் பெருசுங்க கோபப்படுறதுக்கு இதுதான் காரணம்.

அமெரிக்காவிலும் இதே பெஞ்ச்!

இந்தச் சண்டை நமக்கு மட்டும்னு நினைச்சுடாதீங்க. அமெரிக்காவில் நாஸ்கார்னு ஒரு ரேஸ் இருக்கு. பார்க்க ஷோரூம் கார் மாதிரி இருக்கும் கார்களை வைத்து ஓட்டுகிற 'ஸ்டாக் கார்' ரேஸ். அதுவும் முதலில் சாதா ரோட்டில் ஓடினதுதான். ஃப்ளோரிடாவின் டேடோனாவில் 1958 வரை பாதி ட்ராக் கடற்கரை மணல், பாதி ரோடு. கடல் உள்வாங்குற நேரம் பார்த்துத்தான் ரேஸே வைக்கணும். தேதி குறிச்சதில் கடலுக்கும் பங்கு! 1959-ல்தான் அங்கே தனி ஸ்பீட்வே வந்தது.

தெற்கு கரோலினாவில் டார்லிங்டன் என்று ஒரு சின்ன ஊர். 1950-ல் இருந்து செப்டம்பர் முதல் வாரம், லேபர் டே லீவுக்கு அங்கே ரேஸ். ஊருக்கு அதுதான் திருவிழா. 2004-ல் அந்தத் தேதியைப் பிடுங்கி கலிஃபோர்னியாவுக்குக் கொடுத்துட்டாங்க. பெரிய மார்க்கெட், புது ட்ராக் என்று காரணம். ரசிகர்கள் விடலை. வருஷக்கணக்காப் பொருமினாங்க. 2015-ல் தேதி டார்லிங்டனுக்கே திரும்பி வந்தது. 1996-க்கு அப்புறம் கைவிடப்பட்டுப் புல் முளைச்சுக் கிடந்த நார்த் வில்க்ஸ்போரோ ட்ராக்கும் 2023-ல் நாஸ்காரின் ஆல்-ஸ்டார் ரேஸோடு உயிர் பெற்றது.

அந்த ரசிகர்கள் நம்ம ஆளையும் கொண்டாடியிருக்காங்க. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010-ல் நாஸ்காரின் ட்ரக் சீரிஸில் ஓட்டினார். அந்த வருஷம் அந்த சீரிஸின் 'மோஸ்ட் பாப்புலர் டிரைவர்' அவர்தான், ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது!

அவ்வளவு தூரம் ஏன்? சென்னைக்கே வாங்க. சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையில் ஆரம்பிச்ச கார் ரேஸ், 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ட்ராக் கண்டது. அப்புறம் ரோட்டுக்கே திரும்பினது. தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருவில் நைட் ரேஸ். 2023 டிசம்பர் 9, 10 என்று தேதி குறிச்சாங்க, மிக்ஜாம் புயல் தள்ளி வைக்க வச்சது. கோர்ட் வரை போய், கடைசியில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல் நடந்தது. 'ட்ராக் இருக்கும்போது தெரு எதுக்கு?'ன்னு ஒரு கோஷ்டி. 'தெருவுக்கு வந்தாத்தானே நாங்க பார்ப்போம்?'னு இன்னொரு கோஷ்டி. நம்ம பெஞ்சில் கேட்ட அதே அப்பத்தா பாயின்ட்!

மனுவில் ஆரம்பிச்ச கதை

ஆனா, நமக்கும் அவங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. அவங்களுக்குத் தேதி மாறும், ட்ராக் மாறும். நமக்கு ரேஸே காணாமல் போயிருக்கு.

ஜல்லிக்கட்டுத் தடை வரலாறு உங்களுக்குத் தெரியும். அது எங்கே ஆரம்பிச்சதுன்னு தெரியுமா? ராமநாதபுரம் மாவட்டத்தில் ரேக்ளா ரேஸ் விட அனுமதி கேட்டுப் போட்ட ஒரு மனுவில்! அதை விசாரிச்ச உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, 2006 மார்ச்சில் ரேக்ளா, மாட்டு வண்டிப் பந்தயம், ஜல்லிக்கட்டு எல்லாத்துக்கும் தடை சொன்னது. அப்புறம் மேல்முறையீடு, 2009-ல் மாநிலச் சட்டம், 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஜல்லிக்கட்டோடு சேர்த்து மாட்டு வண்டிப் பந்தயமும் கூடாதுன்னு அதில் தெளிவாச் சொல்லிட்டாங்க. 2017 ஜனவரியில் மெரினாவில் நின்னது யாரு? உங்க சீனியர்கள்தான். அதுக்கு அப்புறம் வந்த சட்டத்தை 2023 மே 18-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு செல்லும்னு சொன்னது.

அந்தச் சட்டத்தில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. ஜல்லிக்கட்டுன்னா ஜனவரி முதல் மே வரை, அரசு அறிவிக்கிற இடத்தில் நடக்கிறதுன்னு எழுதியிருக்கு. தேதியும் இடமும் சட்டத்துக்குள்ளேயே வந்தாச்சு! பெஞ்சில் பேசுற சமாச்சாரம் இல்லை இது. ரேஸ் நடக்குமா நடக்காதான்னு முடிவு பண்ற சமாச்சாரம்.

பின்னாடி வர்ற அந்த பைக்

இப்ப கொஞ்சம் உங்க பக்கம் திரும்புவோம். கோபப்படாதீங்க.

எந்தப் பந்தய வீடியோவை வேணா எடுத்துப் பாருங்க. முன்னாடி நாலு வண்டி மாடு. பின்னாடி நாப்பது பைக். ஒருத்தர் ஓட்ட, பின்சீட்டில் ஒருத்தர் எழுந்து நின்னு கத்த, இன்னொருத்தர் ஒரு கையில் செல்போன். ஹெல்மெட்? பேச்சே இல்லை. மாடு மிரண்டு குறுக்கே வந்தா பைக் எங்கே போகும்? முன்னாடி பைக் விழுந்தா பின்னாடி வர்ற முப்பத்தொன்பது எங்கே போகும்? ஹாரன் சத்தத்தில் ஓடுற மாடு ஆசையில் ஓடுதா, பயத்தில் ஓடுதா?

ட்ராக் எதுன்னு நாம சண்டை போடுறோம். ஆனா ட்ராக்கை அடைச்சுக்கிட்டு நிற்கிறதே நாமதான்!

கொங்குப் பக்கம் ரேக்ளாவை எப்படி விடுறாங்க தெரியுமா? 200 மீட்டர், 300 மீட்டர் நேர் ஓட்டம். ஒவ்வொரு வண்டியாகத் தனித்தனியா விட்டு, வாட்ச் வைத்து நேரம் பார்க்கிறாங்க. இடிச்சுக்கிற பிரச்னை இல்லை, துரத்துற பைக்கும் இல்லை. இதைச் சொன்னா தேனிக்காரன் சிரிப்பான். "இருநூறு மீட்டரா? எங்க மாடு அதுக்குள்ள தும்மிக்கூட முடிக்காது!" உண்மைதான். எட்டு மைலில் கடைசி மைல் வரை யார் முந்துவாங்கன்னு தெரியாத அந்தத் துடிப்பு, ஸ்டாப்வாட்சில் வராது. நம்ம ரேஸ் நம்ம ரேஸாவே இருக்கட்டும். ஆனா, அடைச்ச ஓடுபாதை என்ற அந்த ஒரு பாடத்தை மட்டும் கடன் வாங்கிக்கலாமே?

அதனால் அடுத்த தடவை பெஞ்சில் உட்காரும்போது விவாதத்தை ஒரு படி மேலே கொண்டு போங்க. பைபாஸா, ஊர் ரோடான்னு மட்டும் கேட்காதீங்க. அந்த ரோட்டை ரெண்டு மணி நேரம் முழுசா அடைக்க முடியுமா? ஆம்புலன்ஸ் வந்தா மாத்து வழி இருக்கா? எல்லையில் திரும்ப இடம் இருக்கா? மாட்டு டாக்டர் எங்கே நிற்பார்? வெயிலுக்கு முன்னாடி கடைசிப் பிரிவும் முடிஞ்சிடுமா? இதெல்லாம் தேறுற ரோடுதான் நல்ல ட்ராக். இதெல்லாம் அமையுற நாள்தான் நல்ல நாள். ஞாயிறா, திருவிழாவான்னு அதுக்கு அப்புறம் ஆசை தீரச் சண்டை போடலாம். விழாக் கமிட்டியில் இருக்கிற மாமா, சித்தப்பா எல்லாம் உங்க வீட்டு ஆளுங்கதானே? கூச்சப்படாம கேளுங்க.

அன்னிக்குக் காலையில் பைக்கை வீட்டில் நிறுத்திட்டு, அப்பத்தா பக்கத்தில் திண்ணையில் ஒரு இடம் பிடிங்க. முதலில் தூசி தெரியும். அப்புறம் சலங்கை கேட்கும். ரெண்டு ஜோடிக் காளையும் கழுத்துக்குக் கழுத்து சேர்ந்து உங்களைத் தாண்டிப் போகும்போது அப்பத்தா உங்க கையை அமுக்கிப் பிடிக்கும் பாருங்க...

பைக்கில் துரத்தினவனுக்கு அது கிடைக்காது மாப்ள!