நமக்குப் பின் எங்கே?
மனநோயுற்றோரின் உறைவிடமும் குடும்பத்தாரின் கடமையும்

ஆனி, ஆடி மாதங்களில் பொதிகைச் சாரல் வீசும்போது குற்றாலத்து அருவிக்கரைக்கு வருவோர் அனைவரும் களிப்பை நாடி வருவோர் அல்லர். அருவிநீர் தலையில் விழுந்தால் சித்தம் தெளியும் என்ற நெடுநாள் நம்பிக்கையில், மனநோயுற்ற மகனையோ சகோதரியையோ கைப்பிடித்து அழைத்து வருவோரும் அக்கூட்டத்தில் உளர். அவ்வாறு வந்திருந்த முதிய தாய் ஒருவர், தென்காசியில் அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் ஒன்று கேட்டார்: “ஹஜ்ரத், நான் மௌத்தான பொறவு இவன் எங்க இருப்பான்?”

அவர் மருந்து கேட்கவில்லை. ஓதிப் பார்க்கவும் சொல்லவில்லை. அவர் கேட்டது ஒரு கூரையைப் பற்றி. அக்கேள்விக்கு ஷரீஅத்தும் நாட்டுச் சட்டமும் அனுபவமும் தரும் விடைகளைத் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மார்க்கத்தின் பார்வை

உறங்குபவர், சிறுவர், சித்தம் பேதலித்தவர் ஆகிய மூவரிடமிருந்தும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்னும் கருத்துடைய நபிமொழி யாவரும் அறிந்ததே. பொறுப்பு நீங்கினாலும் உரிமை நீங்குவதில்லை என்பதை நாம் பல வேளைகளில் மறந்துவிடுகிறோம். மனநோய் வாரிசுரிமைக்குத் தடையன்று. ஃபராயிள் சட்டப்படி மற்ற மகனுக்குரிய பங்கு இவருக்கும் உண்டு. அன்னிஸா அத்தியாயத்தின் 5ஆம் வசனம், செல்வத்தை ஆளும் திறனற்றோரிடம் அதனை ஒப்படைக்க வேண்டாம் என்று கூறுவதோடு நிற்கவில்லை. அவர்களுக்கு உணவும் உடையும் அளிக்கவும், கனிவாகப் பேசவும் கட்டளையிடுகிறது. பொருளைக் காப்பதும் மனிதரின் மானத்தைக் காப்பதும் அங்கு ஒரே கடமையாக இணைந்துள்ளன.

இக்கட்டளை வரலாற்றில் கட்டடங்களாகவும் எழுந்தது. 1154இல் திமிஷ்கில் நூருத்தீன் எழுப்பிய பீமாரிஸ்தானும், 1284இல் கெய்ரோவில் கலாவூன் எழுப்பியதும் மனநோயுற்றோருக்கும் இடமளித்தன. 1354இல் ஹலபில் தோன்றிய அர்கூன் பீமாரிஸ்தானில் நோயாளரின் அறைகள் நீர்த்தடாகம் அமைந்த முற்றங்களைச் சூழ்ந்திருந்தன. 1488இல் எதிர்னேயில் இரண்டாம் பாயஸீத் நிறுவிய மருத்துவமனையில் நீரின் ஓசையும் இசையும் மன ஆறுதலுக்குப் பயன்பட்டன. குற்றாலத்து நம்பிக்கை இவற்றை நினைவூட்டுகிறது. ஆயினும் அங்கெல்லாம் நீரோசையுடன் மருத்துவரும் மருந்தும் உணவும் வக்ஃப் வருவாயும் இருந்தன என்பது கவனிக்கத்தக்கது.

ஏர்வாடி தந்த பாடம்

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கு விட்டுச் சென்றோர் பெரும்பாலும் கல்நெஞ்சர் அல்லர். வேறு வழியறியாத உற்றார். அதற்கு முன் நம்மிடம் யோசனை கேட்ட ஒரு குடும்பத்தாரிடம், தொலைவில் ஓரிடத்தில் சேர்த்துவிட்டு மாதந்தோறும் பணம் அனுப்பினால் போதும் என்று கூறியவர்களுள் நாமும் ஒருவர். அச்சொல் இன்றளவும் நம்மை உறுத்துகிறது. திட்டமின்றி இறுதி நேரத்தில் எடுக்கும் முடிவு, பெரும்பாலும் கண்காணாத இடத்திலேயே சென்று முடிகிறது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எவ்வடிவிலும் தடை செய்துள்ளது. அதன் 19ஆம் பிரிவு, மனநோயுற்றவருக்குச் சமூகத்தில் வாழும் உரிமை உண்டென்றும், குடும்பம் ஏற்கவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் எவரும் மருத்துவமனையிலேயே தங்கவைக்கப்படலாகாது என்றும் கூறுகிறது. இடைநிலை இல்லங்கள், குழு இல்லங்கள் முதலியவற்றுக்கு வழிசெய்யும் பொறுப்பு அரசுக்கு உண்டு.

சொத்தும் பொறுப்பாளரும்

பெற்றோர் பலர், வீட்டை அவன் பெயருக்கு வஸிய்யத் எழுதிவிட்டால் போதும் என்று எண்ணுகின்றனர். இது முழுமையான எண்ணமன்று. வாரிசுக்குச் செய்யும் வஸிய்யத், ஏனைய வாரிசுகளின் ஒப்புதலின்றிச் செல்லாது. ஹனஃபீ சட்டப்படி அவ்வொப்புதல் மரணத்துக்குப் பின்னரே கணக்கில் கொள்ளப்படும். எனவே உடல்நலத்தோடு இருக்கும்போதே ஹிபாவாக அளிப்பது உறுதியான வழி. மரண நோயில் அளிக்கும் ஹிபா வஸிய்யத்தின் விதிக்கே உட்படும் என்பதால் காலம் தாழ்த்தலாகாது.

பிள்ளைகளிடையே சமத்துவம் வேண்டுமே எனச் சிலர் தயங்குவர். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) தொடர்பான நபிமொழி ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுப்பதைக் கண்டிப்பது உண்மையே. எனினும் நாட்பட்ட நோய், பார்வையின்மை போன்ற தேவையை முன்னிட்டு ஒருவருக்குக் கூடுதலாக அளிப்பது ஆகும் என இப்னு குதாமா (ரஹ்) தமது அல்முக்னீயில் விளக்குகிறார். மற்ற பிள்ளைகளை அமரவைத்து, காரணத்தைச் சொல்லி, மனமொப்பச் செய்தல் நன்று. மறைவாக எழுதப்படும் பத்திரம் பின்னாளில் நோயுற்றவரையே வழக்கின் நடுவில் நிறுத்திவிடும்.

மனநோயுற்றோர் அனைவரும் எப்போதும் முடிவெடுக்கும் ஆற்றலற்றோர் அல்லர். தெளிவுநிலையில் செய்த கொடுக்கல் வாங்கல் செல்லும் என்பது ஃபுகஹாக்களின் கருத்து. 2017ஆம் ஆண்டுச் சட்டமும், தமக்கு வேண்டிய சிகிச்சை எதுவென முன்கூட்டியே எழுதிவைக்கவும், தம் சார்பாகப் பேசுவதற்கு ஒருவரை நியமிக்கவும் அவருக்கு உரிமை வழங்குகிறது. தெளிவான நாளிலேயே இவற்றை எழுதி வாங்கிவிட வேண்டும்.

சொத்து நிர்வாகம் வேறு. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் சொத்துக்குப் பொறுப்பாளரை நியமிக்கும் முறை இருந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை. ஆகவே கடும் நோயுற்றவரின் சொத்துக்குக் காப்பாளர் வேண்டுவோர் உயர்நீதிமன்றத்தை நாட வேண்டியதாகிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அறிவுத்திறன் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம், பல்வகை ஊனம் ஆகியவற்றுக்கே உரியது, மனநோய்க்குப் பொருந்தாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி அலைவோர் பலர். வழக்கறிஞரையும் ஆலிமையும் ஒருங்கே கலந்தாலோசிப்பது அலைச்சலைக் குறைக்கும்.

உறைவிடத்தைத் தேர்தல்

முதலில் கேட்க வேண்டியது நோயுற்றவரிடமே: “நீங்கள் எங்கே, யாருடன் இருக்க விரும்புகிறீர்கள்?” அவ்விடையை ஒட்டியே பின்வரும் வழிகளுள் ஒன்றைத் தேரலாம்.

பிறந்த வீட்டிலேயே இருந்து, அடுத்த தெருவிலுள்ள உடன்பிறந்தார் கவனித்துக்கொள்வது ஒன்று. நான்கைந்து பேர் ஒரு வாடகை வீட்டில் உதவியாளர் துணையுடன் குடும்பம்போல் வாழ்வது மற்றொன்று. 1993இல் சென்னையில் தொடங்கப்பட்ட பான்யன் அமைப்பு 2015 முதல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற பெயரில் இம்முறையை நடத்திவருகிறது. குறிப்பிட்ட காலம் தங்கி, சமையலும் தொழிலும் பழகித் திரும்பும் இடைநிலை இல்லம் மூன்றாவது. நீண்டகாலக் காப்பகம் இறுதி வழி. அதனை நாடுமுன் பதிவு பெற்றதா, மருத்துவர் வருகிறாரா, உறவினர் எந்நேரமும் சென்று பார்க்கலாமா என நேரில் கண்டறிய வேண்டும்.

இடமும் முக்கியம். சீசன் காலத்துக் குற்றாலத்தில் கூட்டமும் இரைச்சலும் மிகும், வாடகையும் ஏறும். ஆகவே அருவியோரத்து வீட்டைவிட, தென்காசியிலோ கடையநல்லூரிலோ பள்ளிவாசல், மருந்துக்கடை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றுக்கு நடந்து செல்லும் தொலைவிலுள்ள அமைதியான தெரு மேலானது. தொடர் சிகிச்சைக்கு மாவட்ட மனநலத் திட்டமும், மேல்சிகிச்சைக்குத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. 2022 முதல் இயங்கும் 14416 என்ற தொலைபேசி எண்ணில் எந்நேரமும் ஆலோசனை பெறலாம்.

பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே ஒத்திகை தேவை. முதலில் இரண்டு இரவுகள், பின் ஒரு வாரம், பின் ஒரு மாதம் எனப் புதிய இடத்தில் தங்கிப் பழகட்டும். தாயின் மரணமும் வீட்டின் மாற்றமும் ஒரே நாளில் நேர்ந்தால் தெளிந்த மனமும் கலங்கும். ஒரு குறிப்பேட்டில் மருந்தின் பெயர், அளவு, மருத்துவர், நோய் மீளும்போது தோன்றும் முதல் அறிகுறி, பிடித்த உணவு, யார் சொன்னால் கேட்பார் என்பவற்றையெல்லாம் எழுதிவைக்க வேண்டும். அன்னையின் மனத்தில் மட்டுமே இருக்கும் அறிவு அவருடனேயே அடக்கமாகிவிடக் கூடாது.

ஜமாஅத்தின் பங்கு

தனிக்குடும்பத்தால் இயலாததை மஹல்லா செய்யலாம். ஸகாத்தைப் பெறுபவரின் உடைமையாக்க வேண்டும் என்பது ஃபுகஹாக்களின் கருத்தாதலால், அதனைக் கட்டடத்துக்குச் செலவிடுவதில் தயக்கம் உண்டு. ஆனால் வறிய நோயாளியின் மருந்துக்கும் உணவுக்கும் அவர் சார்பாகப் பொறுப்பாளரிடம் தரலாம். வாடகைக்கும் கட்டடத்துக்கும் ஸதகாவும் வக்ஃபும் உதவும். குடும்ப வக்ஃப் செய்வோர், வாரிசுகளின் உரிமையை அது பறிக்கலாகாது என்னும் 2025ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் மனத்திற்கொள்ள வேண்டும்.

அத்தாயின் கேள்விக்கு அன்று நாம் உடன் விடை சொல்லவில்லை. மறுநாள் அவருடைய மூத்த மகனையும் மகளையும் வரச்செய்து அமரவைத்தோம். நோயுற்ற மகனிடமும் கேட்டோம். பாங்கொலி கேட்கும் தூரத்தில் தனக்கென ஓர் அறை வேண்டும் என்றார் அவர். அவ்வளவே அவர் கேட்டது. அந்த அறைக்கு இன்றே வழிசெய்வது பெற்றோர்க்கும் உடன்பிறந்தார்க்கும் ஜமாஅத்தார்க்கும் உரிய அமானிதமாகும். அதனை நிறைவேற்ற வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் துணைநிற்பானாக!