ஹவாய் மொழியை முகத்திலிருந்து தொடங்குவோம்

பேச்சு வரத் தொடங்கும் பிள்ளைக்கு யாழ்ப்பாணத்து நீர்வேலியில் சொல் பழக்குவது முகத்தைத் தொட்டுத்தான்: "கண் எங்கை? மூக்கு எங்கை?" பசிபிக் பெருங்கடலின் நடுவே வழங்கும் ஹவாய் மொழிக்குள் போகவும் இதைவிட நல்ல வாசல் இல்லை என்பேன்.

தலைக்கு பொ’ஒ. கண்ணுக்கு மக்க, முகம் முழுவதையும் அதே சொல்லால் குறிப்பதுண்டு. மூக்கு இஹு, வாய் வஹ, பல் நிஹொ, நாங்கள் சொண்டு என்பது லெஹெலெஹெ. நெற்றி லஎ. கடலுக்குள் நீண்டு நிற்கும் நிலமுனைக்கும் அதுவே பெயர்.

பொ’ஒ என்பதன் நடுவிலுள்ள குறியைக் கவனியுங்கள். அது தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஒலி. பெயர் ஒகினா. ஐந்து உயிரும் எட்டு மெய்யும் கொண்ட அம்மொழியில் இதுவும் ஒரு மெய்யெழுத்து. ‘கொ’உ இஹு’ என்றால் என் மூக்கு. அடைக்காமல் ‘கொஉ இஹு’ என்றால் உன் மூக்கு!

தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே ‘என்’தான். அங்கே இரண்டு. உடலுறுப்பு, பெற்றோர், நிலம், வீடு ஆகியவற்றுக்குக் கொ’உ. வாழ்க்கைத்துணை, பிள்ளை, உண்ணும் பொருள், கையால் ஆக்கியது ஆகியவற்றுக்குக் க’உ. நீர்வேலிச் செம்மண் தோட்டக்காரர் ஒருவர் ஹவாய் மொழி பேசினால், தன் நிலத்தைக் கொ’உ என்பார். அதில் விளைந்த வாழைப்பழத்தைக் க’உ என்பார். இந்த நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. முகச் சொற்களோடு பழகினால் பாதி இலக்கணம் தானாகவே வந்துவிடும்.

அவர்களின் பழைய வணக்க முறையும் முகத்தோடு சேர்ந்ததே. மூக்கோடு மூக்கு வைத்து மூச்சை உள்ளிழுப்பார்கள். அதன் பெயர் ஹொனி. முத்தமிடுதல், முகர்தல் இரண்டுக்கும் அதுவே சொல். பிள்ளையை உச்சி முகரும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

யாழ்ப்பாணத்துக்கும் ஹவாய்க்கும் இன்னொரு உறவும் உண்டு. ஒரே அமெரிக்க மிஷன் சங்கத்தினர் இங்கே 1816-இலும் அங்கே 1820-இலும் வந்தார்கள். அங்கு சென்ற மருத்துவர் ஜெரிட் ஜட், லஹைனாலுனா பள்ளி மாணவருக்காக 1838-இல் ஹவாய் மொழியிலேயே உடற்கூற்று நூல் ஒன்றை வெளியிட்டார். பெயர் அனதொமியா. 1847-இல் இங்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1872-இல் வந்த ‘மனுஷ அங்காதிபாதம்’ அவற்றில் ஒன்று.

உடற்கூற்றையே கற்பித்த மொழியை 1896-ஆம் ஆண்டுச் சட்டம் ஹவாய்ப் பள்ளிகளிலிருந்து வெளியேற்றி, ஆங்கிலத்தைப் பயிற்று மொழியாக்கியது. பெரும் கொடுமை அது. பிள்ளைகளின் வாயிலிருந்து தாய்மொழி மெல்ல மறைந்தது. 1978-இல் அது மீண்டும் அங்கே அரச மொழியானது. 1984-இல் கவாய் தீவில் முதலாவது ‘பூனான லெயோ’ பாலர் பள்ளி தொடங்கியது. சிறுவர்கள் நாள் முழுவதும் ஹவாய் மொழியிலேயே பேசி வளரும் பள்ளி அது.