காதில் ஒலிக்கும் கட்டளை

துவிச்சக்கர வண்டிப் பந்தயக்காரர் காதிலே சிறு வானொலிக் கருவி அணிவதுண்டு. முன்னே செல்பவர் யார், இடைவெளி எவ்வளவு என்பவற்றைப் பின்னால் காரில் வரும் குழுத் தலைவர் அதன்மூலம் அறிவிப்பார்.

2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் பந்தயத்தில் இக்கருவிக்கு அனுமதியில்லை. தொழில்முறைக் குழு எதிலும் சேராத ஒஸ்திரியக் கணித அறிஞர் அன்னா கீசன்ஹோபர், 137 கிலோமீற்றரில் இறுதி 40ஐத் தனித்தே கடந்து வென்றார். முந்திச் சென்ற ஏனையோரைப் பிடித்த ஒல்லாந்து வீராங்கனைகள், அவர் ஒருவர் எஞ்சியிருப்பதை அறியவில்லை. 75 வினாடி பிந்தி வந்த அனமீக் வான் புளூட்டன், தாமே வென்றதாக எண்ணிக் கைகளை உயர்த்தினார்!

பிறர் சொற்கேட்டே ஓட்டப் பழகியவர் தாமே கணக்கிட மறப்பதுண்டு. பொழுதுபோக்காகப் பந்தயத்திற் கலந்துகொள்ளும் இளைஞர்க்கு நாம் கூறுவது இதுவே: விபத்தை எச்சரிக்கக் கருவி உதவட்டும்; பந்தயக் கணக்கை உங்கள் அறிவே போடட்டும்.